இரண்டு யாக்கோபுசும் ஒரு மூன்றாம் ஓலையும்

நம் மேற்றிராசனத்துக் கோவில்களின் சரித்திரத்தை எழுதப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்காக ஒவ்வொரு கோவிலிலும் உள்ள ஞானஸ்நானப் புத்தகங்களையும் கலியாணப் புத்தகங்களையும் வரிவரியாகப் பார்த்துக் குறிப்பெடுத்து அனுப்பும்படி, கோவில் கிராணிமாராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறதாம். நல்ல காரியம். கோவில் எந்த வருஷம் அத்தாப்பு ஓலைக் கூரையோடு இருந்தது, எந்த வருஷம் செங்கல் சுவர் எழும்பியது, மணி எந்தக் கப்பலில் வந்தது என்பதெல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடும். அவற்றுக்கு என் உதவி தேவையில்லை. புத்தகத்தில் இருக்கும் ஆட்களைப் பற்றித்தான் ஒன்று சொல்லவேண்டும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கோவிலில் இருபத்தெட்டு வருஷம் கிராணியாக, கணக்கும் புத்தகமும் எழுதுகிறவனாக, இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். அதற்கு முன் நான்கு வருஷம் கோலாலம்பூரில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் கோர்ட்டுச் செய்தி எழுதினேன். ஒருவர் சொன்னதையும் எழுத்தில் இருப்பதையும் கலக்கக்கூடாது என்று அங்கே பழகினேன். சொன்னவர் நாளைக்கு மாற்றிச் சொல்லலாம், எழுத்து மாறாது. கோவில் வேலைக்கு வந்தபோது இந்த நம்பிக்கையையும் கையோடு கொண்டுவந்தேன். அது எனக்கு நன்றாகவே உதவியது, ஒரு வாரத்தைத் தவிர.

ஞானஸ்நானப் புத்தகம் இலத்தீனில் எழுதப்படுவது உங்களுக்குத் தெரியும். எழுதியவர்கள் பிரெஞ்சு தேசத்துக் குருமாரான சாமிமார், பிற்பாடு அவர்களுக்காகக் கிராணிமார். தண்ணீர் வார்க்கும்போது பிள்ளைக்கு ராயப்பன் என்று பெயர் சொல்வார்கள், புத்தகத்தில் பெத்ருஸ் என்று எழுதுவார்கள். அடுத்த பிள்ளைக்குப் பேதுரு என்று பெயர் வைத்தால் அதுவும் பெத்ருஸ்தான். சின்னப்பன் பவுலுஸ் ஆவான். சூசை யோசேப்புஸ் ஆவான். சந்தியாகு என்றாலும் யாகப்பன் என்றாலும் யாக்கோபுஸ். நம் ஜனங்கள் ஒரே அர்ச்சியசிஷ்டவருக்கு, ஒரே புனிதருக்கு, இரண்டு மூன்று பெயர் வைத்து, அவற்றால் ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள். இலத்தீன் அவர்களை மறுபடியும் ஒன்றாக்கிவிட்டது. இதில் யார்மேலும் குற்றமில்லை. சட்டம் அப்படி.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. சந்தியாகு என்று ஒருவன் ரயில் பட்டறையில் பிட்டராக இருந்தான். பிறந்தது கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில். அவனுக்கு ஐந்து வயது இருக்கும்போதே தகப்பன் ரயில் வேலைக்கு வந்துவிட்டதால் வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸில். தாய் தகப்பன் இருவரும் இறந்துபோய்விட்டார்கள். அவனுக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணுக்கும் கலியாணம் பேசி முடித்திருந்தது. ஆரோக்கியம் விதவைத் தாயோடு கோவிலுக்குப் பின்தெருவில் இருந்தாள். தையல் மிஷின் வைத்திருந்தாள். பீடத்து விரிப்புகளுக்கு ஓரம் அடித்துத் தருவதும் அவள்தான்.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்கவேண்டும். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, விக்கினம் ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்கவேண்டும் என்பது அதன் சாரம். தமிழில் அதை வாசிப்பது என் வேலை. மாப்பிள்ளை வேறு கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவன் என்றால் அங்கிருந்து ஞானஸ்நானக் கடிதம் வரவேண்டும். ஒருவருக்குக் கலியாணம் ஆனால் அவருடைய ஞானஸ்நான வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், அதைக் குறிக்கவேண்டும் என்ற சட்டம் வந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. ஆகவே கடிதத்தைப் பார்த்தாலே ஆள் கலியாணமானவனா இல்லையா என்று தெரிந்துவிடும்.

சந்தியாகுவின் கடிதம் தாமதமாகிக்கொண்டே வந்தது. அதை எழுதித்தரவேண்டிய கிள்ளான் கோவில் உபதேசியாருக்குக் காய்ச்சல். தபசுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் முதல் நாளான விபூதிப் புதன் வந்துவிட்டால் பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் வரை கலியாணம் கிடையாது. எனவே எங்கள் கோவில் சாமி, கடிதம் வருகிறபோது வரட்டும், ஓலையை ஆரம்பி என்றார். முதல் ஓலை வாசித்தேன். இரண்டாம் ஓலை வாசித்தேன். மூன்றாம் ஓலைக்கு முந்திய சனிக்கிழமை பிற்பகலில் கடிதம் வந்தது.

பெத்ருசுக்கும் மரியாவுக்கும் பிறந்த யாக்கோபுஸ். ஞானத்தகப்பன் பவுலுஸ், ஞானத்தாய் ரோசா. தோட்டத்தின் பெயர் சரி. வருஷம் சரி. கடைசியில், ஓரக் குறிப்பு என்று தலைப்பிட்டு, இந்த யாக்கோபுஸ் நான்கு வருஷத்துக்கு முன் அதே தோட்டத்தில் விவாகம் செய்துகொண்டார் என்று எழுதியிருந்தது. கீழே முத்திரை.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. கோர்ட்டு வராந்தாவில் நல்ல செய்தி கிடைத்தவனுக்கு வருகிற ஒரு சுறுசுறுப்பு வந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சாமி டெங்கில் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போயிருந்தார். சந்தியாகுவின் வீடு கோவிலிலிருந்து ஐந்து நிமிஷ நடை. நான் போகவில்லை.

ஞாயிறு காலை சாமி வந்து சேர்ந்தபோது முதல் மணி அடித்துவிட்டது. சக்கிறீஸ்து என்கிற உடுப்பு அறையில், அவர் பூசை உடுப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே கடிதத்தைக் காட்டினேன். சாமி முன்பு புதுச்சேரிப் பக்கத்தில் இருந்தவர். தமிழை அந்த ஊர் ஜனங்களிடமே கற்றவர்.

“சந்தியாகுவக் கேட்டியா?” என்றார்.

“கேக்க என்ன இருக்கு சாமி? எழுத்துல இருக்கு.”

“அவன் வீடு கிட்டத்தானே?”

“கிட்டத்தான்.”

கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார். இரண்டாம் மணி அடித்தது. “அப்ப இன்னிக்கு வாசிக்காத. நாளைக்குப் பாப்போம்” என்றார்.

அன்று மூன்று ஜோடிகளுக்கு ஓலை. முதல் ஜோடிக்கு வாசித்தேன். இரண்டாவது ஜோடிக்கு வாசித்தேன். தாளை மடித்துக்கொண்டு நகர்ந்தேன். யாரைப் பற்றியும் ஒரு குறையும் சொல்லவில்லை. நிதானமாக நடந்துகொண்டோம் என்றுகூட நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது பெண்கள் பக்கத்தில் இருந்த முக்காடுகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பியிருந்தன. அந்தத் திசையில் ஆரோக்கியமும் அவள் தாயும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் தாய் என்னை மறித்தாள்.

“கிராணியாரே, எங்க ஓலை எங்க?”

“ஒரு சின்ன விசாரணை இருக்கும்மா. முடிஞ்சதும் வாசிச்சிரலாம்.”

“சின்னதுன்னா எவ்வளவு சின்னது?”

பக்கத்தில் நின்ற ஒரு பெண், யாரிடமும் சொல்லாததுபோல், “ரெண்டு ஓலை போயி மூணாவது நின்னா, அது சும்மாவா நிக்கும்?” என்றாள்.

சந்தியாகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவனைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சங்கதியைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான்.

“எனக்கா? கலியாணம் ஆயிருச்சா? யாரோட அண்ணே?”

“அது எழுதல. தோட்டத்துலன்னு இருக்கு.”

“எனக்கு மொத பொண்டாட்டியே இன்னும் வரல லா. நீங்க ரெண்டாவதுங்கிறீங்க.”

சிரித்துக்கொண்டே திரும்பியவன் ஆரோக்கியம் பின்னால் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“இருக்கா, இல்லையா? ஒரு வார்த்த சொல்லு” என்றாள்.

“இல்ல.”

என் பக்கம் திரும்பினாள். “இவரு இல்லேங்கிறாரு. நீங்க இருக்குங்கிறீங்க. யாரு பொய் சொல்றது அண்ணே?”

“நான் இருக்குன்னு சொல்லலம்மா. வாசிக்காம விட்டேன், அவ்வளவுதான்.”

“அதுதான் சொன்னது” என்றாள்.

ஞாயிறு மத்தியானத்துக்குள் ரயில் குவார்ட்டர்ஸில் சந்தியாகுவுக்குக் கிள்ளானில் ஒரு மனைவி இருந்தாள். திங்கட்கிழமை காலை பாசாரில் அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன. நான்கு வருஷம் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். நான் எழுதிய எந்தச் செய்தியும் இவ்வளவு வேகமாகப் பரவியதில்லை. இதற்கு நான் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. ஆரோக்கியத்தின் தாய்மாமன் வந்து, நிச்சயப் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றாராம். தாய், ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள் என்றாளாம். அடுத்த ஞாயிறுதான் விபூதிப் புதனுக்கு முந்திய கடைசி ஞாயிறு. அன்றைக்கு ஓலை வாசித்தால் திங்களன்று கலியாணம் நடக்கலாம். தவறினால் பாஸ்கு வரை காத்திருக்கவேண்டும். அந்தப் புடவை அதுவரை அந்த வீட்டில் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஓலை நின்ற மறுநாளே, திங்களன்று, சாமி ஒரு கடிதம் எழுதிக்கொடுத்து என்னையும் சந்தியாகுவையும் கிள்ளானுக்கு அனுப்பினார். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பாதி வழியில்தான், கோர்ட்டில் ஒரு வக்கீல் செய்வதைப் பல தடவை பார்த்திருந்த ஒரு காரியம் எனக்கு ஞாபகம் வந்தது. எழுத்தைக் காட்டுவதற்கு முன் ஆளைக் கேட்பார். கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

“உன் அப்பா பேரு?”

“ராயப்பன். ஏன், தெரியாதா உங்களுக்கு?”

“அம்மா?”

“மரியாயி.”

“ஞானத்தகப்பன்?”

“கங்காணி சின்னப்பன். அந்தத் தோட்டத்துல எல்லாப் பிள்ளைக்கும் அவருதான் நிப்பாராம். தொண்ணூறு ஞானப்பிள்ளைன்னு பெருமையாச் சொல்லிக்குவாராம்.”

“ஞானத்தாய்?”

“மதலேனம்மா. எங்க லயத்துல நாலாவது வீடு. நாங்க பிரிக்பீல்ட்ஸ் வந்தப்புறமும் பாஸ்குக்கு எனக்குன்னு வேட்டி வாங்கி அனுப்பும். செத்துப்போச்சு, பாவம்.”

எழுதி முடித்துவிட்டுக் கடிதத்தை எடுத்துப் பிரித்தேன். ஞானத்தாய் ரோசா என்று இருந்தது.

தம்பிகளே, சனிக்கிழமை பிற்பகலிலிருந்து அந்த ரோசா என் சட்டைப் பையில்தான் இருந்தாள். ஐந்து நிமிஷம் நடந்துபோய் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நடந்தது நடந்திருக்காது. கடிதத்தில் ஐந்து பெயர்கள் இருந்தன. நான் மூன்றைச் சரிபார்த்துவிட்டு ஞானப்பெற்றோர் இருவரையும் விட்டுவிட்டேன். ஆள் யார் என்று முடிவு செய்தபிறகு படித்ததால், மீதி எனக்குத் தேவைப்படவில்லை.

கிள்ளான் உபதேசியார் காய்ச்சலிலிருந்து எழுந்தவர், கம்பளிச் சால்வையோடு வந்து புத்தகத்தைத் திறந்தார்.

“இந்தா இருக்காரு யாக்கோபுஸ். பெத்ருஸ் மகன். நான் எழுதினதுல எங்க தப்பு?”

“தப்பு இல்லீங்க. அடுத்த வரியப் படிங்க.”

படித்தார். பெத்ருசுக்கும் மரியாவுக்கும் பிறந்த யாக்கோபுஸ். ஞானத்தகப்பன் பவுலுஸ், ஞானத்தாய் மதலேனா. அதே நாள், அதே தோட்டம். ஓரத்தில் ஒன்றும் இல்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அந்தக் காலத்துல சாமி மூணு மாசத்துக்கு ஒருக்காத்தான் தோட்டத்துக்குப் போவாரு. அதுக்குள்ள பொறந்ததெல்லாம் வரிசையா நிக்கும். அப்ப காப்பித் தோட்டம், கோவில்னு ஒரு கொட்டகைதான்” என்றார்.

சந்தியாகுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சீக்கிரம் மலரவில்லை. அந்த ஓரக் குறிப்பை எழுதிய சாமியும் என்னைப்போல் முதலில் கண்ணில் பட்ட யாக்கோபுஸுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தால்? கலியாணமானவன் ரோசாவின் ஞானப்பிள்ளையா, மதலேனாவின் ஞானப்பிள்ளையா என்று அந்தத் தாள் சொல்லாது. ஒரு தாளை அளவுக்கு மீறி நம்பியதால் இந்த நிலைக்கு வந்திருந்தேன். இப்போது எனக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக அதே தாளை மறுபடியும் நம்பக்கூடாது. உபதேசியாரிடம் கேட்டேன்.

“அந்தக் கலியாணத்துக்கு நான் போயிருந்தேனே. மாப்ள பேரு யாகப்பன். தோட்டத்துலதான் இருக்கான்” என்றார்.

மாட்டு வண்டி பிடித்துப் போனோம். ரப்பர்ப் பால் கொட்டும் நேரம். வாளிகளோடு ஆணும் பெண்ணும் வரிசையில் நின்றார்கள். யாகப்பன் யார் என்று கேட்டேன். உயரமான ஒரு ஆள் வாளியை இறக்கி வைத்தான்.

“நான்தான். யாராச்சும் செத்துட்டாங்களா?”

“இல்லப்பா. உனக்குக் கலியாணம் ஆயிருச்சா?”

அவன் பின்னால் நின்ற பெண்ணை ஒரு தரம் பார்த்தான். “இத யாரு கேக்கச் சொன்னா?”

“கேக்குறாருல்ல, சொல்லு. ஆனவனா இல்லையான்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்” என்றாள் அந்தப் பெண். வரிசை முழுவதும் சிரித்தது.

நான் இன்னும் எதையும் விளக்கவில்லை. “உன் ஞானத்தாய் பேரு என்ன?” என்று கேட்டேன்.

“ரோசம்மா. ஏன்?”

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். அவன் தகப்பன் பேதுரு, தாய் மரியம்மாள். கலியாணம் நடந்த மாதமும் பொருந்தியது. யாகப்பன் கதையில் பாதியைக் கேட்காமல் சந்தியாகுவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேட்டு லயத்து ராயப்பன் மவனா நீ? உன்னக் குள்ளவாத்துன்னுதான கூப்பிடுவோம்?”

“அது நானில்ல” என்றான் சந்தியாகு.

“நீதான். நடையப் பாத்தாலே தெரியுதே.”

அவன் மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: “கட்டிக்கிட்ட ஆளு இங்க பால் மரம் வெட்டிக்கிட்டு இருக்காரு. பேரு மட்டும் பிரிக்பீல்ட்ஸ் போயி இன்னொரு கலியாணம் தேடுதா?”

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வந்து சாட்சி சொல்வாயா என்று கேட்டேன். “வந்து நிக்கிறேன். எங்க நிக்கணும், எப்ப நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க” என்றான். பூசைக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். அவன் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

செவ்வாய் காலை ஆரோக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். மிஷினில் இருந்து கையை எடுக்காமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

“அக்கம்பக்கத்துல நானே வீடு வீடாப் போயி சொல்லிடறேன்” என்றேன்.

“கோவில்ல விட்டத வாசல்ல வந்து குடுக்குறீங்களே அண்ணே.”

“ஞாயித்துக்கிழம ஓலை வாசிப்பேனே.”

“வாசிச்சா? போன வாரம் ஏன் வாசிக்கல, இந்த வாரம் எப்படி வாசிச்சாங்கன்னு கேப்பாங்க. எங்க மாமனே கேப்பாரு. மூத்த பொண்டாட்டியச் சரிக்கட்டி அனுப்பிட்டாங்கன்னு சொல்லுவாங்க.”

“அப்ப என்னதான் செய்யணும்?”

“எந்த இடத்துல நின்னு விட்டீங்களோ, அந்த இடத்துல நின்னு சொல்லுங்க.” மிஷினை மறுபடியும் ஓட்ட ஆரம்பித்தாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பத்திரிகையில் பிழை வந்தால் திருத்தம் போடுவோம். நாலாம் பக்கத்தில், தைல விளம்பரத்துக்குக் கீழே, இருப்பதிலேயே சின்ன எழுத்தில். அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நான் கெட்டிக்காரன். பிழை முதல் பக்கத்தில் வந்திருந்தாலும் திருத்தம் அங்கேதான் போகும். சாமியிடம் போய், ஓலையின் வாசகத்தில் இதற்கு இடமில்லையே என்று இழுத்தேன்.

“ஓலைக்கு முந்தி சொல்லு. ரெண்டு வரி. மூணாவது வரி வேணாம்” என்றார்.

இரண்டு வரிதானே என்று உட்கார்ந்தேன். ‘சென்ற ஞாயிறு ஓலை வாசிப்பதில் பிழை நேர்ந்துவிட்டது’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். மழை பெய்தது என்பதுபோல் இருந்தது. கிழித்துவிட்டு, ‘தவிர்க்கமுடியாத காரணத்தால்’ என்று ஆரம்பித்தேன். தவிர்த்திருக்கலாம் என்று எனக்கே தெரியும். ‘கிள்ளானிலிருந்து வந்த கடிதத்தில்’ என்று ஒன்று எழுதினேன். அதில் குற்றம் காய்ச்சல்காரர் தலையில் விழுந்தது. இப்படி ஐந்தாறு தாள் போயின. பிழை நேர்கிறது, ஏற்படுகிறது, வந்துவிடுகிறது என்று எழுத நம் பாஷையில் எத்தனை வசதி இருக்கிறது என்று அன்றுதான் கவனித்தேன். ‘செய்தேன்’ என்று எழுதினால் அந்த வசதி எல்லாம் போய்விடுகிறது. இந்த வேலையில் நீங்கள் எழுதவேண்டிய மிகக் கடினமான வார்த்தை இலத்தீனில் இல்லை, இதுதான்.

ஞாயிறு வந்தது. கோவில் வழக்கத்தைவிட நிறைந்திருந்தது. யாகப்பனும் மனைவியும் இடுப்புக் குழந்தையோடு முன்வரிசையில் இருந்தார்கள். ஆரோக்கியம் போன வாரம் உட்கார்ந்த அதே இடத்தில் இருந்தாள். மாமனும் வந்திருந்தார்.

போன வாரம் நின்ற இடத்தில் நின்றேன். தாளை விரித்தேன்.

“ராயப்பன் மகன் சந்தியாகுவின் மூன்றாம் ஓலையைச் சென்ற ஞாயிறு நான் வாசிக்காமல் விட்டேன். வேறொருவருடைய விவாகக் குறிப்பை, சந்தியாகுவைக் கேட்டு விசாரிக்காமல், அவருடையது என்று எடுத்துக்கொண்டேன்.”

இரண்டு வரி. குரல் ஒரு இடத்தில் சற்றுத் தாழ்ந்தது. அதைத் தவிர நன்றாகவே வாசித்தேன். பிறகு ஓலையை வாசித்தேன். இவர்களுக்குள் விக்கினம் ஏதாவது உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கவேண்டும் என்று முடித்துவிட்டு, வழக்கம்போல் ஒரு கணம் நிறுத்தினேன்.

யாகப்பன் எழுந்து நின்றான்.

நான் அந்த இடத்தில் அதற்குள் பதினைந்து வருஷத்துக்குமேல் ஓலை வாசித்தவன். அந்தக் கேள்விக்கு யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. மாமனின் கை முன்பெஞ்சைப் பிடித்தது. சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டான்.

“நான்தான் அந்த யாகப்பன்” என்றான் அவன், தோட்டத்தில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்கிற குரலில். “கலியாணம் ஆனவன் நான். இவ என் பொண்டாட்டி. அந்தா இருக்கான் பாருங்க, அவன் இன்னும் ஆகாதவன். தெரிஞ்சவங்க சொல்லணும்னாரு, சொல்லிட்டேன்.”

“எந்திரிக்கச் சொன்னா இவ்வளவுமா பேசறது?” என்று மனைவி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

சாமி பீடத்திலிருந்து திரும்பி, “சரி, உக்காரு” என்றார். அவர் மறுபடியும் பீடத்தின் பக்கம் திரும்பிய பிறகும் தோள் கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டிருந்தது. முக்காடுகள் மறுபடியும் ஒரே திசையில் திரும்பின. இந்தத் தடவை ஆரோக்கியம் தலை குனியவில்லை. பூசை முடிந்து போகும்போது மாமன் என்னிடம், “சாட்சி பலமா இருந்துச்சு கிராணியாரே” என்றார். திங்கட்கிழமை கலியாணம் நடந்தது.

அந்த வாரமே சாமியிடம் ஒரு அனுமதி கேட்டேன். ஒவ்வொரு இலத்தீன் வரிக்கும் பக்கத்தில், ஓரத்தில், வீட்டில் கூப்பிடும் பெயரைத் தமிழில் எழுதலாமா?

“தமிழ்ல எழுதுன்னு உத்தரவு இல்ல” என்றார். பிறகு, “எழுதாதன்னும் உத்தரவு இல்ல. பென்சில்ல எழுது. மேற்றிராணியார் வேணாம்னு சொன்னா அழிச்சிரலாம்” என்றார்.

அடுத்த வருஷம் சந்தியாகுவும் ஆரோக்கியமும் ஆண் குழந்தையோடு வந்தார்கள். ஞானத்தகப்பனாக நிற்க யாகப்பன் கிள்ளானிலிருந்து வந்திருந்தான்.

“புள்ளைக்கு என்ன பேரு?” என்று கேட்டேன்.

“ஞானத்தகப்பன் பேருதான்” என்றாள் ஆரோக்கியம்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். “யோசிச்சுத்தான் சொல்றியா? வேற பேரே இல்லையா?”

“அவருதான எங்களுக்காக எந்திரிச்சு நின்னாரு. எழுதுங்க அண்ணே.”

எழுதினேன். யாக்கோபுசுக்குப் பிறந்த யாக்கோபுஸ், ஞானத்தகப்பன் யாக்கோபுஸ். ஓரத்தில் பென்சிலால், யாகப்பன், தகப்பன் சந்தியாகு, ஞானத்தகப்பன் தோட்டத்து யாகப்பன் என்று எழுதினேன். ஆரோக்கியம் எட்டிப் பார்த்துத் தமிழை மட்டும் படித்தாள். “இப்ப சரி” என்றாள்.

அதற்குச் சில மாதம் கழித்து மேற்றிராசனத்தின் தலைவரான மேற்றிராணியார் கோவிலைப் பார்வையிட வந்தார். புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டு நானும் சாமியும் பக்கத்தில் நின்றோம். மெதுவாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் அந்த வரியில் நிறுத்தினார். மூன்று யாக்கோபுசையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். எழுதுகிறவன் தூங்கிவிட்டானா என்று சாமியிடம் பிரெஞ்சில் கேட்டாராம். சாமி ஓரத்தைக் காட்டினார். மேற்றிராணியாருக்குத் தமிழ் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். சாமி நடந்த கதையைப் பிரெஞ்சில் சொன்னார். எங்கே சிரிக்கிறார் என்பதை வைத்து, கதை எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். யாகப்பன் எழுந்து நின்ற இடத்தில் அதிகம் சிரித்தார்.

பிறகு பேனாவை எடுத்து, பார்வையிட்ட பக்கத்தின் கீழே வழக்கமாக எழுதும் ஒரே ஒரு இலத்தீன் வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அழிக்கச் சொல்லவில்லை. எழுதச் சொல்லவும் இல்லை.

சரித்திரத்துக்குக் குறிப்பெடுக்கும்போது ஓரத்தையும் சேர்த்து எடுங்கள் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது. நடு வரியை மட்டும் எடுத்தால் இந்த மேற்றிராசனத்தில் ஒரு ஐம்பது பேர்தான் பிறந்து, திரும்பத் திரும்பக் கலியாணம் செய்துகொண்டதுபோல் தெரியும். ஓரம் காலியாக இருக்கும் பழைய பக்கங்களுக்கு வழி ஒன்றுதான். அந்த வீட்டார் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று பாருங்கள், நடந்துபோய்க் கேளுங்கள்.

மேற்றிராணியார் எழுதிய அந்த வார்த்தைக்கு இலத்தீனில் ‘பார்த்தேன்’ என்று பொருள். அதையே தமிழ் எழுத்தில் எழுதினால் ‘விதி’ என்று வரும். பிறகு மற்றக் கோவில் கிராணிமார், ஓரத்தில் தமிழ் எழுத அனுமதி உண்டா என்று என்னைக் கேட்டபோதெல்லாம், மேற்றிராணியார் விதி என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று சொல்லிவந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. அன்று அவர் வண்டி கோவில் வாசலைத் தாண்டியதும், பென்சிலை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு மைக்கூட்டைத் திறந்தேன்.